சம்பந்தி கடையில் ஒரு சைக்கிள்

பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் எதன் விலையையும் கேட்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஐம்பத்தேழு வயதில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஜூரோங்கில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வேலை முடிந்து வெளியே வரும்போது தரை ஈரமாக இருந்தால்தான் மழை பெய்ததே தெரியும். வீடு சுவா சூ காங்கில், பதினொன்றாம் மாடி. அங்கே ஜன்னல் உண்டு, திறந்தால் எதிர் பிளாக்கின் ஜன்னல் தெரியும். சர்க்கரை ஏறியதும் டாக்டர் நடக்கச் சொன்னார். பிளாக்கைச் சுற்றி நடந்தேன். நாலாவது சுற்றில் கீழ்வீட்டுக்காரர் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அத்தோடு நடையை விட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் கூட வேலை பார்க்கும் சீன நண்பர் தன்னிடம் உபரியாக இருந்த மவுண்டன் பைக்கைக் கொடுத்து, புக்கிட் பாஞ்சாங் பக்கம் காட்டுப் பாதைக்கு அழைத்துப் போனார். வேரும் கல்லுமான பாதை. இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது இறக்கத்தில் வாய்விட்டுக் கத்தினேன், பயத்திலா சந்தோஷத்திலா என்று இன்றுவரை தெரியாது. அந்த இரண்டு மணி நேரம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன், எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.

எங்கே வாங்குவது, என்ன விலை நியாயம் என்பதுதான் கேள்வி. என் மகளின் மாமனார், தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மகளுக்குத் திருமணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில் சைக்கிள்காரர் உட்கார்ந்திருக்கிறார், என் தலைக்குள் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல மவுண்டன் பைக் என்ன விலை வரும் என்று கேட்டுவிட்டேன்.

சம்பந்தி சாப்பிடுவதை நிறுத்தினார்.

“நமக்குள்ள விலையெல்லாம் எதுக்குங்க சம்பந்தி? சைக்கிள் வந்துடும், விடுங்க.”

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்பளத்தை எடுத்து என் இலையில் அவள் வைத்த விதத்திலேயே அது நாலாக உடைந்தது.

வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரம்பித்தாள். பொண்ணைக் குடுத்த வீட்டில் போய் வாய்விட்டுக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே, நாம் என்ன இல்லாதவர்களா என்றாள். நான் விலைதானே கேட்டேன் என்றேன். கடைக்காரரிடம் கடையில் கேட்டால் அது விலை, சம்பந்தியிடம் சாப்பிடும்போது கேட்டால் அது வேறு என்றாள். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிரச்சினை சம்பந்தியம்மாவிடம் இருந்தது. நல்ல மனுஷிதான். ஆனால் கொடுத்ததை மறக்க மாட்டார். கல்யாணத்துக்குப் பிறகு என் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், இது நான் எடுத்துக் கொடுத்ததுதானே என்று அவளைத் திருப்பி நிறுத்தி முந்தானையைக் காட்டுவார். என் மகள் காபித் தட்டோடு நின்று சிரிப்பாள். நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இனி அந்த வரிசையில் ஒரு சைக்கிளும் சேரும். எங்க சம்பந்திக்கு நாங்கதான் குடுத்தோம் என்பார். அப்போதும் என் மகள் தட்டோடு நின்றிருப்பாள்.

ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சும்மா வாங்கிக்கொண்டால் மகள் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காசு நீட்டினால் சம்பந்தி கையை மடக்கிவிடுவார். வேறு கடையில் வாங்கினால் எங்கள் கடை என்ன மட்டமா என்று வரும், அதையும் அவள்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்றால், கேட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்கிறாரே, நாம் கொடுப்பது போதாதா என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்கு இவ்வளவு.

மூன்று மாதம் ஓடியது. வாரம் ஒருமுறை சம்பந்தி போன் செய்வார். கப்பல் இன்னும் வரவில்லை, கண்டெய்னர் வந்ததும் முதல் வண்டி உங்களுக்குத்தான் என்பார். அவசரமே இல்லை என்பேன். இரண்டு பேரும் பேச ஒன்றுமில்லாமல் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். என் நண்பர் ஒவ்வொரு ஞாயிறும் காட்டுக்குப் போனார். நான் எதிர் பிளாக்கைப் பார்த்தபடி காபி குடித்தேன்.

பூன் லேயில் ஒரு கடை இருந்தது. வேலை முடிந்து வரும் வழியில், திருடனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போவேன். அங்கே நீல நிறத்தில் ஒரு வண்டி நின்றது. எழுநூற்று நாற்பது வெள்ளி, டாலரை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்ப்பேன், பிரேக்கை அழுத்துவேன், நல்ல விலைதான் என்பேன், வெளியே வந்துவிடுவேன். நாலாவது முறை போனபோது கடைக்காரர் எழுந்திருக்கவே இல்லை.

கடைசியில் ஒரு கூத்து செய்தேன். சீன நண்பரை யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி சம்பந்தி கடைக்கு அனுப்பினேன். விலையாவது தெரிந்தால் எப்படியாவது அந்தப் பணத்தை மகளுக்கு நகையாகவோ எதுவாகவோ சேர்த்துவிடலாம் என்பது என் கணக்கு. அவர் போய்விட்டு வந்து, அதே நீல வண்டி எண்ணூற்று எண்பது என்றார். நூற்று நாற்பது வெள்ளி அதிகம். அதைவிட இன்னொன்று சொன்னார்.

“ஷிப் வரலன்னா சொன்னாரு? கடையில ஆறு நிக்குது லா.”

அவர் சொன்ன ஆங்கிலத்தை நான் தமிழில் எழுதுகிறேன், அந்த லா மட்டும் அவருடையது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை வைத்துக்கொண்டே ஏன் இல்லை என்கிறார்? கொடுக்க மனமில்லையா? இதை மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் அந்த வீட்டைப் பற்றி அவள் வேறு கவலைப்பட ஆரம்பிப்பாள்.

அடுத்த வாரமே சம்பந்தி கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் உயரம் பார்த்து சீட்டைச் சரிசெய்துவிடலாம் என்றார். குரலில் உற்சாகம் இல்லை. எனக்கும் இல்லை.

ஞாயிறு மாலை தேக்காவில் நடப்பதற்கே இடம் கிடைக்காது. கட்டுமான வேலையாட்களுக்கு அன்றுதான் விடுமுறை. சம்பந்தி கடை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். மேலே சக்கரங்கள் தொங்கும், இரண்டு பக்கமும் சைக்கிள்கள். கல்லாவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வார நாட்களில் அவளுக்கு வங்கியில் வேலை. ஞாயிறுகளில் கடையில் கூட்டம் என்பதால் அவள்தான் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பந்தி என்னை நீல வண்டியின் மேல் உட்காரவைத்து, பெடல் வேறு மாற்ற வேண்டும் என்று மாடிக்குப் போனார். நான் இரண்டு காலையும் ஊன்றி, தரையிலும் இல்லாமல் வண்டியிலும் இல்லாமல், கையில் ஒரு தேநீர்க் கோப்பையோடு நின்றேன். முன்னால் வாடிக்கையாளர்கள், பின்னால் சுவர்.

ஊரிலிருந்து வந்த வேலையாள் ஒருவர் பழைய சைக்கிள் ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். டயரைக் குறை சொன்னார், மணி அடிக்கவில்லை என்றார், பத்து வெள்ளி குறையுங்கள், பூட்டும் போட்டுக் கொடுங்கள் என்றார். மகள் பூட்டு தருகிறேன், பத்து குறையாது என்றாள். அவர் யோசித்துவிட்டு, வேண்டாம்மா, அப்புறம் பாக்கறேன் என்று நடையைக் கட்டினார். அவருக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நிமிடம் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் மகள் என்னைப் பார்த்தாள்.

“ப்பா, அந்த வண்டி புடிச்சிருக்கா?”

புடிச்சிருக்கு, ஆனா மாமா வரட்டும் என்றேன்.

“எண்ணூத்தி எம்பது வெள்ளி. கார்டா, கேஷா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழக்கதோஷம், பூன் லேயில் இதே வண்டி என்று வாயைத் திறந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“தெரியும்ப்பா, அங்க கம்மி. சும்மா வாங்குனாலும் நான்தான் கேக்கணும், குறைச்சு வாங்குனாலும் நான்தான் கேக்கணும். முழு விலை குடுங்க. இந்த வீட்ல நான் தலை நிமிந்து இருக்கணும்.”

வாழ்நாள் முழுக்க நான் பேரம் பேசாமல் ஒரு கட்டுக் கீரைகூட வாங்கியதில்லை. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த இடத்திலிருந்தே எக்கி கார்டைக் கொடுத்தேன். ரசீதைக் கிழித்து, மடித்து, என் சட்டைப்பையில் அவளே வைத்தாள்.

பெடலோடு இறங்கிவந்த சம்பந்தி, பையில் துருத்திக்கொண்டிருந்த ரசீதைப் பார்த்தார்.

“என்னம்மா, சம்பந்திகிட்டயா காசு வாங்குன?”

“யாரா இருந்தாலும் பில் போடாம வண்டி வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள் இரண்டும் கீழே இறங்கின. மூன்று மாதமாக என் முகத்தில் இருந்ததெல்லாம் அவர் முகத்திலும் இருந்திருக்கிறது, அது இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நமக்குள் விலை எதற்கு என்று அவரும் ஒரு வார்த்தை விட்டுவிட்டு, எண்ணூறு வெள்ளிப் பொருளைத் தூக்கிக் கொடுக்கவும் முடியாமல், சொன்ன சொல்லை விழுங்கவும் முடியாமல், இல்லாத கப்பல் ஒன்றை மூன்று மாதம் கடலில் நிறுத்தி வைத்திருந்தார். பெடலை மாட்டி முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு விளக்கை எடுத்தார்.

“லைட் மட்டும் என்னுதா இருக்கட்டும் சம்பந்தி.”

மகளைப் பார்த்தேன். சரி என்று தலையசைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ரயிலில் அந்த வண்டியை ஏற்ற விடமாட்டார்கள். தேக்காவிலிருந்து சுவா சூ காங் வரை ஓட்டியே வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. மின்தூக்கியில் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தித்தான் கதவை மூட முடிந்தது.

மனைவி கதவைத் திறந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் இறுகிவிட்டது. சும்மாவோ குறைத்தோ வாங்கிவிட்டேன் என்றே நினைத்திருக்கிறாள்.

“எவ்வளவு குறைச்சுக் குடுத்தாங்க?”

“ஒரு வெள்ளிகூடக் குறைக்கல.”

“யாரு, சம்பந்தியா?”

“நம்ம பொண்ணு.”

அவள் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து, விளக்கடியில் கொண்டுபோய், இரண்டு முறை படித்தாள். பிறகு அதை நாலாக மடித்து, மகளின் கல்யாணப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.