மோரிட்ஸ் வென்ற நாள்

எங்கள் வீட்டு சோபாவில் ஒரு போர்வை கிடக்கிறது. கருநீலம், ஓரமெல்லாம் பொன்னிறக் குஞ்சம், நடுவில் ஜேர்மன் மொழியில் 'வெற்றியாளர்' என்று பெரிதாகத் தைத்திருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என் தொந்தியைப் பார்ப்பார்கள். "அண்ணை, என்னத்தில வெண்டனீங்கள்?" என்று யாராவது கேட்டால், நான் வாய் திறக்க முதல் மனைவி சொல்லிவிடுவாள்: "அது குதிரைக்குக் குடுத்தது. இவர் அதுக்குப் பின்னால லத்தி அள்ளினவர்."

உண்மைதான். ஊரில் மாட்டுக்குக் கிட்டப் போகவே பயந்த நான், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அகதிக்கு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்த காலம். அந்த லாயத்தின் சொந்தக்காரியும் பயிற்சியாளரும் ஒருவரே. முதலாளியம்மாவை அந்த நாட்டில் 'ஷெஃபின்' என்பார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். அறுபது தாண்டிய, கட்டையான பெண். மனிதரோடு சிக்கனமாகவும் குதிரைகளோடு தாராளமாகவும் பேசுவார். அதிலும் மோரிட்ஸோடு பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். தாய்க்குதிரை செத்துப்போக, அவர் போத்தலில் பால் கொடுத்து வளர்த்த குட்டி அவன். வேலியும் பள்ளமும் தாண்டி ஓடுகிற தடைப்பந்தயங்களில் ஓடுவான். ஓடுவான் என்றால், ஐந்தாவதாக வருவான். அதை அவன் ஒரு தொழிலாகவே செய்து வந்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் தடைப்பந்தயங்கள் அருகிப்போயிருந்தன. அவன் ஓடக்கூடியதாக மிஞ்சியிருந்தது ஒரேயொரு விற்பனைப் பந்தயம். அதில் வெல்கிற குதிரையை அந்த இடத்திலேயே ஏலத்தில் விடுவார்கள். சொந்தக்காரருக்கு அது வேண்டுமென்றால் அவரும் கைதூக்கிக் கேட்டு வாங்க வேண்டியதுதான். தோற்ற குதிரைகள் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். ஷெஃபின் துணிந்து பெயர் கொடுத்தார். மோரிட்ஸ் தோற்பான் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

லாயத்தில் இது தெரியாத ஒரே உயிர் நான். என் ஜேர்மன் அப்போது குதிரைகளை விளங்கிக்கொள்ள மட்டுமே போதுமாயிருந்தது. அந்த ஐந்தாமிடம் எனக்கு மானப்பிரச்சினையாகப் போய்விட்டது. பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பழைய களஞ்சியம் ஒன்றில் நடந்துவந்த எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு "பேர்?" என்றார்.

"மோரிட்ஸ்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர், மருமகனோ?"

"இல்லை ஐயா, வேலையிடத்தில ஒராள்."

"நட்சத்திரம்?"

அசுவினிக்குக் குதிரைத்தலைதான் அடையாளம் என்று எங்கோ கேட்ட ஞாபகம். "அசுவினி" என்றேன். தேங்காய் ஒரே அடியில் சரிபாதியாய்ப் பிளந்தது. கடவுளுக்குக் காது கேட்காது என்று சொல்கிறவர்களை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. நான் கேட்டது அவருக்கு ஒருமுறை கேட்டுவிட்டது.

பந்தயத்தன்று ஷெஃபின், மோரிட்ஸை ஓட்டுகிற எங்கள் லாயத்து ஜொக்கியை அவன் முதுகில் தூக்கி ஏற்றிவிட்டு, "பத்திரமாக் கூட்டிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். கடிவாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. ஜொக்கியும் அதைக் கேட்கிற சாதி இல்லை. கடைசித் தண்ணீர்ப்பள்ளத்தில் முன்னுக்குப் போன குதிரை சறுக்கி விழ, அடுத்தது மிரண்டு விலக, அதற்குப் பின்னால் வந்த இரண்டும் தயங்க, மோரிட்ஸ் ஏதோ வீட்டு வாசற்படியைத் தாண்டுகிறவன் மாதிரித் தாண்டிக்கொண்டு வந்தான். சவுக்குப் படவேயில்லை. காது இரண்டும் முன்னுக்கு நிமிர்ந்திருந்தன. அவனுக்கே புதினமாக இருந்திருக்கும்.

நான் குதித்த குதியில் சப்பாத்து ஒன்று கழன்றுவிட்டது. ஜொக்கி இறங்கினார். வென்றுவிட்டு வந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஷெஃபின்" என்றார். ஷெஃபின் அவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா ஓட்டினாய்" என்றார். படம் பிடித்தார்கள். மோரிட்ஸின் முதுகில் போர்வையைப் போட்டார்கள். இதென்ன, வெற்றிக்கு மன்னிப்போ என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மோரிட்ஸை வட்டமாகச் சுற்றி நடத்தச் சொன்னார்கள். ஊர்வலம் என்று நினைத்தேன். பிடரிமயிரை நீவிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கோயில் வாகனத்தைக் கொண்டுபோகிறவன் மாதிரி நடத்தினேன். சனம் கையைத் தூக்கியது. நானும் கையைக் காட்டினேன். ஷெஃபினும் கையைத் தூக்கினார், அவருக்கும் காட்டினேன். பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் தூக்கினார், ஷெஃபின் தூக்கினார், திரும்பவும் தொப்பிக்காரர். அடுத்த சுற்று வந்தபோது ஷெஃபினின் கை கோட்டுப் பைக்குள் போயிருந்தது. முழு வட்டம் சுற்றி வந்தேன். அது வெளியே வரவில்லை. ஒரு மரச்சுத்தியல் விழுந்த சத்தம் கேட்டது. ஜொக்கி வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். "முடிஞ்சுது. அவனை வித்தாச்சு" என்றார்.

தொப்பிக்காரர் நல்ல மனிதராகவே தெரிந்தார். ஷெஃபினுக்குக் கைகொடுத்து, "அருமையான குதிரை" என்று அவருக்கே சொன்னார். போர்வை வென்றவருக்குச் சேரும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஷெஃபின் அதைப் பார்க்காமலே என் பக்கம் எறிந்தார். மோரிட்ஸைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வேறு நாட்டுக்கு விற்றுவிட்டதாக ஒரு கதை. எந்த நாடோ, எத்தனையாவதாக வந்தானோ.

திரும்பி வரும்போது குதிரை ஏற்றுகிற லொறியில் மூன்றுபேரும் முன்னுக்கு நெருங்கி உட்கார்ந்திருந்தோம். வளைவுகளில் ஷெஃபின் ஊர்ந்து ஊர்ந்து திருப்பினார். பின்பெட்டியில் குதிரை நிற்கிறபோது அப்படித்தான் ஓட்டுவார், கால் தடுமாறிவிடக் கூடாதென்று. பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தன.

"ஷெஃபின், வண்டி வெறுமையாத்தானே போகுது" என்றார் ஜொக்கி மெல்ல.

"தெரியும்" என்றார்.

அடுத்த வளைவு வந்தது. அதிலும் ஊர்ந்தார்.