ஹெல்மெட் என் மடியில் இருந்தது

1. வேறு ஃபுட்போல்

கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியின் ஃபுட்போல் அணிக்கு பிசியோ வேண்டும் என்றார்கள். ஜெர்மனியில் இருந்த காலத்திலேயே கால்பந்து வீரர்களின் முழங்கால்களைப் பார்த்துப் பழகியவள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். முதல் நாள் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த எங்கள் மைதானத்துக்குப் போனால், ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்ட பையன்கள் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஒருவன் மேல் ஒருவன் விழுந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்போலாம். கணவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சருங்கோ, இஞ்ச ஒருத்தரும் பந்தைக் காலால அடிக்கேல்லை.”

“அப்ப வீட்டை வாரும்.”

“ஏன் வாறது? முழங்கால் எல்லாருக்கும் ஒண்டுதானே.”

கோச் ரவி தமிழ்நாட்டுக்காரர். அமெரிக்காவில் படித்தபோது பிடித்த பைத்தியம். வாரநாளில் ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துவது.

2. பவுல்

2009இல் எங்கள் அணி இறுதியாட்டத்துக்கு வந்தது யாருமே எதிர்பாராதது. வெல்கிறவர்களுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். அதனால் அந்த ஆட்டத்தையே பவுல் என்பார்கள். எதிரணி பெரிய பல்கலைக்கழகம். அந்த வருடமே எங்களை இரண்டு முறை துவைத்துக் காயப்போட்டவர்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் துஷி. அவன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவன். அவனை நம்பித்தான் முழு அணியும்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். துஷி எறிந்த கையோடு ஒரு தடியன் மோதி, தலை தரையில் அடிபட அவனைச் சாய்த்தான். துஷி எழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“தம்பி, இது எந்த கிரவுண்ட்?”

“பார்க்கிங், அக்கா.”

நாங்கள் நின்றது லண்டனின் மறுகோடியில், குரோய்டனில்.

“ரவி, இவன் இனி விளையாட ஏலாது.”

“மேடம், பைனல் இது! அவன் நல்லாத்தானே நிக்கிறான்?”

“ஓம், நிக்கிறான். எங்க நிக்கிறான் எண்டுதான் அவனுக்குத் தெரியேல்லை.”

இந்த விளையாட்டுக்கென்று நான் போன பயிற்சியில் ஒரே ஒரு உருப்படியான விஷயம் சொல்லித் தந்தார்கள்: தலையில் அடிபட்டவனோடு வாதாடாதே, ஹெல்மெட்டை எடுத்துவிடு. அது இல்லாமல் நடுவர் உள்ளே விடமாட்டார். நான் எடுத்து மடியில் வைத்து, மேலே கோட்டைப் போட்டு மூடினேன். துஷி பெஞ்சையே புரட்டித் தேடினான். ரவி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். தோற்றால் அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் செய்தது சரியா என்ற சந்தேகம் துளியும் இல்லை.

மாற்று ஆள் கெவின். அவன் எறியும் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. ரவி தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு அவனிடம், எறிவதுபோலக் கையை ஓங்கிவிட்டு நீயே ஓடு என்றார். கெவின் கையை ஓங்கினான். எதிரணி பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடியது. நடுவில் திறந்து கிடந்த வழியில் கெவின் ஓடினான், எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தான். ஆறு புள்ளி, அத்தோடு நேரமும் முடிந்தது. கிண்ணம் எங்களுக்கு!

3. ஹூ வன்?

“அக்கா, ஹூ வன்?” என்றான் துஷி. வென்றது யாரென்று கேட்கிறான்.

“நாங்கள்தான் தம்பி.”

அவன் விம்மி விம்மி அழுதான். நானும் அழுதேன். ரவி கிண்ணத்தோடு வந்தார்.

“பாத்தீங்களா மேடம்? துஷி இருந்திருந்தா இன்னும் ஈஸியா ஜெயிச்சிருப்போம்.”

துஷி அவரையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கோச், ஹூ வன்?”

ரவியின் முகம் வெளுத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாமதான்டா,” என்றார். துஷி புதிதாக அழுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ரவியும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் வென்றவர்போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, கெஞ்சாதீர்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் ஹெல்மெட்டை எடுங்கள்.

அடுத்த சீசன் முதல் நாள், புதிய பையன்களுக்கு ரவி என்னைக் காட்டினார். “இவங்க ஹெல்மெட்ட கேட்டா குடுத்துடணும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

குணமாகி வந்திருந்த துஷி வரிசையில் நின்று சிரித்தான். இந்த முறை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.