சுண்டெலியின் ஓட்டு

கிளிஃப் ஆக்ராய்டை வேட்பாளராக வைத்துக்கொண்டு தேர்தல் வேலை பார்ப்பது போன்ற தலைவலி வேறு கிடையாது. மூன்று தடவை பார்த்தவள் சொல்கிறேன். நேர்மையெல்லாம் சரிதான், அதற்கு ஓர் அளவு வேண்டாமா?

மில்பெக் தொடக்கப் பள்ளியைப் பராமரிக்கிற வேலைதான் அவருக்கு வாழ்நாள் முழுக்க. பாய்லர், சாக்கடை, குழந்தைகள் வாந்தியெடுத்த இடம், எல்லாம் அவர் பாடு. மே மாதம் தேர்தல் வந்தால் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. விடியுமுன் வந்து கதவைத் திறப்பார், மரத் தடுப்புகளை நிறுத்துவார், ஒவ்வொன்றிலும் சீட்டில் குறி போட ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுவார். நகர மன்றத்தில் சம்பளம் வாங்குகிறவர் அதே மன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்பதால், ஓய்வு பெறும்வரை ஆசையை அடக்கிக்கொண்டு, எங்கள் கட்சிக்காக ஓட்டு எண்ணும் மேசையருகே நின்று கண்காணிப்பதோடு சரி. அங்கே அவருக்குச் 'சட்டப் புத்தகம்' என்றே பெயர். எங்களுக்கு விழுந்த ஓட்டாக இருந்தாலும், ஓட்டுப் போட்டவர் யாரென்று தெரிகிறமாதிரி ஏதாவது எழுதியிருந்தால், செல்லாது என்று அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

ஓய்வுக்குப் பிறகு இரண்டு முறை நின்றார், தோற்றார். மூன்றாவது முறை நிற்க வேண்டாம் என்றுதான் இருந்தார், ஏனென்றால் அவர் மனைவி நெஸ்டாவுக்கு நுரையீரல் போய்விட்டது. கோடை தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெஸ்டாதான் விடவில்லை. இவர் மன்றத்துக்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று என்னிடமே சொன்னாள். அடுத்த தேர்தலுக்கு அவள் இருக்கமாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தத் தடவை காற்று எங்கள் பக்கம் அடித்தது. மலைமேல் குடியிருப்புக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தியதில் ஜனங்களுக்கு ஏகக் கோபம். வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வாசலிலும் கிளிஃப் அதே பாட்டுத்தான்: பெருக்கல் குறி மட்டும் போடுங்கள், வேறு எதுவும் எழுதாதீர்கள். நூறு, நூற்றைம்பது ஓட்டில் ஜெயிப்போம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

ஓட்டுப் போடும் நாளன்று நெஸ்டாவைச் சக்கர நாற்காலியில் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். ஆக்ஸிஜன் குழாய் மூக்கில். தடுப்புக்குள் போனவள் வெளியே வரவே இல்லை.

"என்னடி, உள்ளே உக்காந்து கடுதாசியா எழுதறே?" என்றேன்.

"எனக்கு மூச்சு வாங்குது. நீ பொறுத்துக்கோ," என்றாள். வெளியே வந்தபோது திருட்டுச் சிரிப்பு ஒன்று முகத்தில் இருந்தது.

மறுநாள் காலை விளையாட்டரங்கில் எண்ணினார்கள். நாங்கள் போட்ட கணக்கெல்லாம் மண்ணாய்ப் போயிற்று. மழையில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை. கடைசியில் கிளிஃப் ஒரே ஓட்டு முன்னால். எதிர்த்து நின்ற டெசா ஹோல்ட் மறு எண்ணிக்கை கேட்டாள். கேட்கத்தானே செய்வாள்.

மறுபடி எண்ணும்போதுதான் ஒரு பெண் ஒரு சீட்டைத் தனியே எடுத்து வைத்தாள். முதல் தடவை கவனிக்காமல் கட்டோடு போன சீட்டு. தேர்தல் அதிகாரி இரண்டு வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். கிளிஃப் பெயருக்கு நேரே அழகாக ஒரு பெருக்கல் குறி. கீழே, நடுங்குகிற எழுத்தில், 'போய்ட்டு வரேன். நல்லா இரு. – சுண்டெலி.'

அதிகாரி சிரித்தார். யாரோ விளையாட்டுக்காரர், இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, செல்லும் என்று சொல்லலாமா என்று கேட்டார். டெசாவும் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றாள். நல்ல பெண்தான்.

கிளிஃப் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்தது.

"அது செல்லாதுங்க," என்றார். "யாருன்னு எனக்குத் தெரியும்."

நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "உனக்குத் தெரிஞ்சா என்ன, வாயை மூடு."

"தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? அவ எழுதினதை, அவ எழுதலைன்னா?"

சீட்டில் செல்லாது என்று முத்திரை விழுந்தது. ஓட்டு சமம். மூன்றாம் முறை எண்ணியும் சமம். இரண்டு உறைகளில் பெயர்களைப் போட்டு, அதிகாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். டெசா ஹோல்ட்.

காரில் அவரைக் கண்டபடி திட்டினேன். அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் நெஸ்டாவுக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. மெதுவாகக் கேட்டாள்.

"என் சீட்டைக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க. பாத்தேன்."

"நல்ல ஓட்டெல்லாம் கட்டோட கட்டாப் போயிடும், சந்தேகப்பட்டதைத்தான் வேட்பாளர்கிட்ட காட்டுவாங்கன்னு நீதானே சொல்லுவே. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரலை, கிளிஃப். நூறு ஓட்டுல ஜெயிக்கப்போறே, ஒண்ணு போனா போகுதுன்னு எழுதிட்டேன்." மூச்சுக்காக நிறுத்தினாள். "எத்தனை ஓட்டுல போச்சு?"

கிளிஃப் என்னை ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அத்தனை வருஷத்தில் அவரிடம் அதை நான் கண்டதில்லை.

"நூத்தி நாப்பது," என்றார்.

நெஸ்டா என் பக்கம் திரும்பினாள். நூற்று நாற்பதுதான் என்றேன். திரும்பிப் போகும்போது வாசலில் கிடந்த மாலைப் பேப்பரை எடுத்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

கதவைச் சாத்துகையில் அவள் குரல் கேட்டது.

"அப்போ என்னால ஒண்ணும் கெட்டுப்போகலை."

"ஒண்ணும் கெட்டுப்போகலை, சுண்டெலி," என்றார் கிளிஃப்.