ஒப்புதலுக்கு வைத்த ஆறு

பணி ஓய்வு பெற்றபின் ஓர் ஆற்றுக்கு இசை அமைத்தேன். பாட்டு இல்லை, வார்த்தையே இல்லாத வெறும் வாத்திய இசை. விழுப்புரத்தில் இதைச் சொன்னால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அதனால் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் அலுவலகப் பதிவறையில் தொடங்கியது. கடைசி வருடத்தில், அழிக்க வேண்டிய பழைய கோப்புகளைப் பட்டியலிடும் வேலை எனக்கு. அவற்றில் ஓர் அளவைக் குழுவின் நாட்குறிப்பு இருந்தது. சரியான வரைபடம் இல்லாத காலத்தில், பெண்ணையாறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கடலோரத்திலிருந்து மேற்கே ஆற்றோடு நடந்தவர்கள். தினமும் கோலை ஊன்றி ஆழம் பார்ப்பார்கள், எழுதுவார்கள், நடப்பார்கள். போகப் போக ஆழம் குறைகிறது. கடைசிப் பதிவில் கோல் நனையவில்லை என்று மட்டும் இருந்தது. அதன்பின் வெற்றுத் தாள்கள். கோப்பை வீட்டுக்கு எடுத்துவந்தால் விதிமீறல். பார்த்து எழுதிக்கொண்டால் இல்லை. எழுதிக்கொண்டேன்.

இளவயதில் கற்ற வயலினைத் தூசு தட்டி இரண்டு வருடம் உட்கார்ந்தேன். கோல் ஊன்றும் இடத்தில் தந்தியில் விரலால் ஒரு சுண்டு. ஆழம் குறையக் குறைய ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முடிவில் ஒரே ஸ்வரம், அதுவும் பாதியில் நின்றுவிடும். அந்த நிற்கும் இடத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

என் பழைய மேலதிகாரி திண்டிவனத்தில் இருந்தார். தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். கூடவே நாலு வாத்தியக்காரர்கள். அவரிடம் போனேன். போகுமுன் ஸ்வரத் தாள்களைச் சுத்தமாகப் படியெடுத்து, நாடா கட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் இடது மூலையில் என் சுருக்கொப்பம் வைத்து, மேலே ‘ஒப்புதலுக்கு’ என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. எங்கள் அலுவலகத்தில் வரைவு எழுதுகிறவன் மூலையில் சுருக்கொப்பம் வைப்பான். அதிகாரி கீழே கையெழுத்திடுவார். கடிதம் அவர் பெயரில் போகும். நான் எழுதிய கடிதங்களுக்காக அவர் பாராட்டு வாங்கியதுண்டு. அது குறையல்ல, நடைமுறை.

“யோவ், ரிட்டையர் ஆயும் ஃபைல் கட்டிக்கினு வர்றியே!” என்று சிரித்தார். பச்சை மைப் பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன்.

நாலு மாதம், சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஒத்திகைக்குப் போனேன். “சார், அந்தக் கடைசி இடம்…” என்று ஒருமுறை தயங்கினேன். “அதுதான்யா உசுரே. அதுல நான் கை வெப்பனா?” என்றார்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளி அரங்கில் நிகழ்ச்சி. இசையமைப்பு என்று அவர் பெயரை அறிவித்தார்கள். எழுந்து கும்பிட்டார். திருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வயலின் என்று என் பெயர் வந்தது, தவறான இனிஷியலோடு.

வாசித்தோம். கடைசி ஸ்வரம் பாதியில் நின்றது. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தேன். உடனே கீபோர்டு இரைந்தது. டிரம்ஸ், கிதார், புல்லாங்குழல், தபேலா எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. ஆற்றில் வெள்ளம் வருகிறதாம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் தவறிப்போக முடியாது. எனக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறோர் ஒத்திகை நடந்திருக்கிறது. வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரங்கம் எழுந்து கைதட்டியது.

வெளியே மேலதிகாரி போண்டா தின்றுகொண்டிருந்தார். “ஏன்யா வில்ல கீழ வெச்சிட்ட? ஜனங்க பாத்துக்கினு இருக்காங்க!”

“அந்த வெள்ளம் என்னுது இல்ல சார்.”

“ஆறுன்னா தண்ணி வரணும்யா. காஞ்ச மணலுக்கு எவன் கைதட்டுவான்?”

“மீதி எல்லாம் என்னுது. பேரு உங்களுது சொன்னாங்க.”

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அதுதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. “டிராஃப்ட் நீதான் போட்ட, யாரு இல்லன்னா? எத்தினி வருஷம் போட்டிருப்ப, ஒருவாட்டி கேட்டிருக்கியா? இப்ப மட்டும் இன்னா பேஜாரு?” என்று தோளில் தட்டினார்.

மறுவாரம் போன் செய்தார். “விழுப்புரத்துல கேக்கறாங்க. ஜல்தியா ஒரு ரிகர்சல் வெச்சிக்கலாம், வா.”

வரமாட்டேன், அதை வாசிக்கவும் கூடாது என்றேன். விடுப்பை மறுக்கும்போது பயன்படுத்தும் அதே மென்மையான குரலில், “நீ வராட்டி போ. பேப்பர் என்கிட்டதான இருக்குது” என்றார்.

மேல்முறையீட்டை யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்தப் படிவத்தில் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்படியொரு மனு என் மேசைக்கு வந்திருந்தால், மூலையில் சுருக்கொப்பம், கீழே அதிகாரி கையெழுத்து என்று இரண்டே வரியில் நிராகரித்திருப்பேன்.

விழுப்புரம் நிகழ்ச்சி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். நான் போகவில்லை. “அப்படி இன்னாதான் கெடுத்து வெச்சிருக்காருன்னு பாத்துட்டு வர்றேன்” என்று மனைவி கிளம்பினாள். திரும்பி வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன்.

“இன்னாத்த சொல்றது? உங்க பேர சொல்லவே இல்ல. நன்றிகெட்ட மனுஷன்” என்று திட்டிக்கொண்டே உள்ளே போனாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சற்றுப் பொறுத்து அடுக்களையில் அரிசி களையும் சத்தம் கேட்டது. கூடவே மெல்லிய முனகல். தன்னை அறியாமல் அவள் முனகிக்கொண்டிருந்தது அந்த வெள்ளத்தை.