மடியில் தட்டுப்பட்ட வளையம்

என் தகர டப்பாவில், கொண்டை ஊசிகளுக்கும் அறுந்த கொலுசுக்கும் அடியில், பிரிக்காத சின்ன உறை ஒன்று கிடக்கிறது. மேலே விரலை வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு வளையம் தட்டுப்படும். அது என்னுடையது இல்லை. ஆமத்தூரிலிருந்து என்னோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தியுடையது.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற ஒரு பட்டாசு ஆலையின் வாசலில் நின்று, வேலைக்கு வரும் பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவது என் வேலையாக இருந்தது. தீப்பெட்டி, செல்போன், இரும்பு ஊசி எதுவும் வெடிமருந்து அறைக்குள் போகக் கூடாது. ஒரு உரசல் போதும். தீப்பெட்டி அகப்பட்டால் வாசல் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவேன். மற்றதைச் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பேன். யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் அத்தனை பேர் மடியும் என் கைக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை அவள் மடியில் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. வளையல் என்று நினைத்தேன். அமுக்கினால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. என்னவென்று கேட்டேன். காதோரம் குனிந்து, கூச்சமே இல்லாமல் சொன்னாள்: "பொம்பளைக வச்சுக்கிடுத உறைக்கா. ரெண்டு வளையம் இருக்கும். சின்னதை அமுக்கி உள்ள தள்ளிட்டா, பெருசு வெளிய நிக்கும். அவுக வாரதுக்கு முன்னாடியே வச்சுக்கிடலாம். பிள்ளையும் தங்காது, சீக்கும் ஒட்டாது." ஆஸ்பத்திரி நர்சம்மா கொடுத்ததாம். வீட்டில் வைத்தால் மாமியார் அரிசிப் பானைவரை துழாவுவாளாம். அதனால்தான் மடியிலேயே வைத்திருந்தாள்.

"உன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"முதல்ல சிரிச்சாக. பெறகு சரின்னுட்டாக. என் உடம்புக்கு நான் வைக்கதுக்கு யாரைக்கா கேக்கணும்?"

அந்தச் சொல் என் வயிற்றில் போய் எரிந்தது. அவள் புருசனும் என் புருசனும் ஒரே மாதிரி வடக்கே பட்டாசு லோடு ஏற்றிப் போகிற டிரைவர்கள்தான். என் ஆள் கொண்டுவந்து ஒட்டவைத்த சீக்குக்கு நான் அப்போதுதான் மாத்திரை தின்று முடித்திருந்தேன். அவரும் வைத்தியம் பார்க்கிறவரைக்கும் உறை போட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். "என்னையவே சந்தேகப்படுதியா?" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். எனக்குத் தட்டு, இவளுக்குச் சிரிப்பா? உறையை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் தருகிறேன் என்று அவளை உள்ளே விட்டேன்.

சாயங்காலம் வந்து நின்றாள். "தீப்பெட்டியோட சேத்து தண்ணியில போட்டுட்டேன்" என்றேன். "சரிக்கா" என்று போய்விட்டாள்.

மறுநாள் என் ஆள் வருகிற நாள். பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உறையைக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் கிழிப்பது, எப்படி உட்கார்ந்து வைப்பது, உள்ளே போய்த் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றும் தெரியவில்லை. கேட்பதற்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். தண்ணியில் போட்டுவிட்டேன் என்று சொன்னதைப் பற்றி எந்த வாயால் கேட்பது? அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன். அந்தச் சீசன் முடிவதற்குள் சீக்கு திரும்பி வந்தது, நாளும் தள்ளிப்போனது. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்க் கலைத்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறி வந்தேன்.

என் ஆள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அவளும் கிழவிதான் இப்போது. போன மாதம் புருசனோடு வண்டியில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். இன்னும் அவர் தோளைப் பிடித்துத்தான் இறங்குகிறாள். அவர் டீக்கடைப் பக்கம் போனதும், என்ன நினைத்தேனோ, டப்பாவைத் திறந்து காட்டினேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணியில போட்டேன்னீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "நர்சம்மா பெறகு இன்னும் நாலு குடுத்தாகளேக்கா. கேட்டிருந்தா குடுத்து, வைக்கவும் சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபப்படாமல் இருக்கவும் அவளால் முடிகிறது என்பதுதான் மறுபடியும் வயிற்றில் எரிந்தது.

போகும்போது, நாள் கடந்துபோன சாமான், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொன்னாள். போட்டுவிடுகிறேன் என்றேன்.

அவளிடம் சொன்ன இரண்டாவது பொய் அது.