மாப்பிள்ளை சேர்த்த ஒரு வரி

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் அத்தனையும் ஒன்றாக எரிந்தாலும், இன்று காலை என் அக்கா மகன் முகத்தில் அடித்த அனல் வராது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஜாவா புரோகிராம் எழுதுகிறவன். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று தெரிந்ததும், தன்னை நீக்க முடியாதபடி நேற்று ஒரு ராஜதந்திரம் செய்தான். அவன் எழுதிய பகுதியான மாட்யூல் ஓட ஏற்கெனவே பில்லிங் மாட்யூல் தேவை. இப்போது பில்லிங்குக்கும் தன்னுடையது தேவை என்று ஒரு வரி சேர்த்துவிட்டான்.

அது முடியாமல் இது எழாது, இது முடியாமல் அது எழாது. எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக்கி ஓட்டும் மொத்த பில்டும் படுத்துவிட்டது.

டீம் லீடர் அம்மா போனில் வந்தார். "தம்பி, அந்த வரியையும் உங்க மாட்யூலையும் எடுத்துட்டு ஓட்டிப் பாக்குறேன்."

"எடுத்தா எல்லாமே வுழுந்துடும் மேடம்!"

சற்று நேரம் அண்டசராசரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஓடிடுச்சு தம்பி. நல்லாவே ஓடுது."

போனை வைத்தவன், "மாமா, அப்ப நான் வேணாமா?" என்றான்.

"மிஷினு பொய் சொல்லாது மாப்ள."

"என்னடா ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, கம்பெனி பொழச்சிக்கிச்சு."

நீங்களும் ஒரு நாள் உங்களை நீக்கிவிட்டு வீட்டை ஓட்டிப் பார்த்து, முடிவைக் கீழே எழுதுங்கள். நான் மாட்டேன், எனக்குப் பயம்.