இரண்டாம் சனிக்கிழமை ரத்து கிடையாது

மயிலாப்பூர் மாடவீதியில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ரெஜினா இறந்த செய்தி எனக்கு வந்தது. அழைத்தவன் அவள் தம்பி அந்தோணி. "சுபாக்கா, அக்கா போய்டுச்சுக்கா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினேதான் வந்துச்சு" என்றான். கீரைக்கட்டைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் குழுவில் ஒருவர் அறிவிப்பு போட்டுவிட்டார்: "ரெஜினாவின் மறைவுக்கு மரியாதை செலுத்தும் விதமாக இந்த மாதக் கூட்டம் ரத்து செய்யப்படுகிறது." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ரெஜினாவுக்கு மரியாதையாம், அதற்குக் கூட்டம் ரத்தாம்! அவளை ஒருநாள்கூடப் பார்த்திராதவர்கள் எழுதியிருந்தால் மன்னித்துவிடலாம்.

அவளைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கட்டும்.

எங்களுடையது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் சின்னக் குழு. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிற மென்பொருளை நாலு பேரிடம் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, தலைவர் கிடையாது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம் கூடுவோம். ரெஜினா பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். அப்பா கடலுக்குப் போனவர். அம்மா இன்றும் சாலையோரம் மீன் விற்கிறார். இவள் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். வாரம் முழுக்க அதைச் செய்துவிட்டு, சனிக்கிழமையும் அதையே செய்ய ஓடி வருவாள்.

நான் தி.நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். என் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள் கடையில். யாரோ சொன்னார்களே என்று இந்தக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். ரெஜினா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இன்னாத்துக்குத் தூக்கிப் போடணும்? நல்லாத்தான கீது" என்றாள். சாயங்காலத்துக்குள் அது புது இயங்குதளத்தோடு, தமிழ் மெனுக்களோடு ஓட ஆரம்பித்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "கர்மம், இது என்ன தமிழ்? யாருக்குப் புரியும்?" என்றேன். கூட்டமே சிரித்தது. குறை சொன்னவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டுவது எங்கள் குழுவின் வழக்கம். அது எனக்கு அப்போது தெரியாது. "கொற சொல்லிட்ட இல்ல? இனிமே அது உன் வேல" என்று என் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டாள். இன்றுவரை அந்த மெனுக்களின் தமிழை நான்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அவளும் சொதப்பியிருக்கிறாள், அதுவும் பெரிதாக. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியின் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்யப் போயிருந்தோம். ஒரு கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. காலியானதில் புது இயங்குதளத்தைப் போட வேண்டும். பேச்சு மும்முரத்தில் ரெஜினா மற்றதைத் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டாள். தலைமையாசிரியையின் கோப்புகள் மொத்தமும் போயே போய்விட்டன. "டிஸ்க் பழசு, தானாப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்று எங்களில் ஒருவர் கிசுகிசுத்தார். ரெஜினா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு நேரே அந்த அம்மாவிடம் போனாள். "மேடம், உங்க ஃபைலெல்லாம் நான்தான் அழிச்சிட்டேன். டிஸ்க் மேல தப்பு இல்ல."

"ஏம்மா, பரீட்சை கேள்வித்தாள் பூரா அதுலதானே இருந்தது!" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ரெஜினா தலையைக் குனியாமல் நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும், எவரும் படிக்கக்கூடிய எங்கள் மின்னஞ்சல் குழுவில், என்ன செய்தாள், எந்த இடத்தில் தவறினாள் என்று விலாவாரியாக எழுதிப் போட்டாள். "உனக்கென்ன பைத்தியமா? உலகமே படிக்குமே" என்று கத்தினேன். "படிக்கட்டுமே. மூடி வெச்சாத்தான் நாறும் சுபா. எங்கம்மா கூடைய வந்து பாரு" என்றாள். வேலை முடிந்து தினமும் அந்தப் பள்ளிக்குப் போய், பழைய அச்சுப் பிரதிகளைப் பார்த்துக் கேள்வித்தாள்களைத் திரும்பத் தட்டச்சு செய்து கொடுத்தாள். முடித்த அன்று தலைமையாசிரியை ஒரு சாவியை நீட்டினார். "சனிக்கிழமை மத்தியானம் இந்த ரூம் சும்மாத்தான் கிடக்கு. நீங்க வச்சுக்கோங்க" என்றார். அதுவரை பூங்காவிலும் டீக்கடையிலும் கூடிக்கொண்டிருந்த எங்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். எந்தக் கம்ப்யூட்டரையும் தொடுவதற்கு முன்னால் அதிலுள்ளதை நகலெடுத்து வைக்க வேண்டும் என்ற விதியும் அன்றைக்கு வந்ததுதான்.

ஒரு வருடம் சரியாக இரண்டாம் சனிக்கிழமையன்று ஊரே மழையில் மிதந்தது. கூட்டத்துக்கு யாரும் போகவில்லை, நானும்தான். மறுநாள் மின்னஞ்சல் குழுவில் வழக்கம்போலக் கூட்டக் குறிப்பு வந்திருந்தது. "வந்தவர்: ரெஜினா. பேசியவர்: ரெஜினா. கேள்வி கேட்டவர்: ரெஜினா. பதில் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்." படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நேரில் பார்த்தபோது, "தனியா உக்காந்து என்னடி பண்ணின?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் முதன்முதலில் இப்படி ஒரு கூட்டத்தைத் தேடி வேறு எங்கோ போனபோது கதவு பூட்டியிருந்ததாம். "இதெல்லாம் நம்மள மாரி ஆளுங்களுக்கு இல்ல போலன்னு நெனச்சிக்கினு திரும்பி வந்துட்டேன். மறுபடி போறதுக்கு ரொம்ப நாளாச்சு. எவளாவது புதுசா வந்து பூட்டைப் பாத்துட்டுப் போய்ட்டான்னா, அவ திரும்ப வரமாட்டா சுபா" என்றாள்.

பிறகு ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏசி அறை தருகிறோம், மதியச் சாப்பாடு தருகிறோம், குழுவின் பெயருக்கு முன்னால் எங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், தேதியை நாங்கள் சொல்வோம் என்றார். எங்களில் பலருக்கு ஆசைதான். ரெஜினா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பாடு நல்லாத்தான் இருக்கும் சார். சாவி யார் கையில இருக்கும்?" என்றாள். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சிலர் கோபித்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டுக்கே போனார்கள். போகட்டும். அவர்களும் இப்போது கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது அந்தோணி என் கையில் அந்தச் சாவியைத் திணித்தான். "அக்கா பையில இருந்துச்சு. இத இன்னா செய்யறதுன்னு தெரியல" என்றான். எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே குழுவில் எழுதினேன்: "கூட்டம் உண்டு. ரத்து செய்ய யாருக்கும் அதிகாரம் கிடையாது, எனக்கும்தான்." துக்க வீட்டின் ஈரம் காயவில்லை, இவளுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று ஒருவர் பதில் எழுதினார். இருக்கிறது சார். அது என்னை அழ வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சனிக்கிழமை கதவைத் திறந்தேன். நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். நேரம் போனதே தவிர யாரும் வரவில்லை. எனக்குள்ளேயே சந்தேகம் எட்டிப்பார்த்தபோது வாசலில் ஒரு பெண், மார்போடு அணைத்த துணிப்பையுடன் நின்றார். பாலவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். "ரெஜினா மேடம் போன்ல வரச்சொல்லியிருந்தாங்க. என் லேப்டாப் உயிரோட இருக்கா இல்லையான்னே தெரியல. எந்நேரம் ஆனாலும் கதவு திறந்திருக்கும்னாங்க. இதுதானே இடம்?"

இதுதான் என்றேன். ரெஜினா இல்லை என்பதையும் சொன்னேன். "ஐயோ கடவுளே. அப்ப நான் இன்னொரு நாள் வரேங்க" என்று திரும்பினார்.

"அதெல்லாம் வேண்டாம். உள்ள வாங்க" என்றேன். அதட்டலாகத்தான் சொன்னேன், இல்லாவிட்டால் என் குரல் உடைந்திருக்கும். முதலில் அவருடைய கோப்புகளை நகலெடுத்து வைத்தேன். பிறகு வேலையை ஆரம்பித்தேன். சாயங்காலம் திரை ஒளிர்ந்ததும் அந்த அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே, யாரு இப்படி வச்சது?" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். அவருடைய மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன்.

என் தோழியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு சாவி, ஒரு வழக்கம். அவள் இறந்த வாரத்திலேயே கூட்டம் நடத்தியது அநியாயம் என்று நினைப்பவர்கள் தாராளமாகக் குறை சொல்லலாம். சொன்னவர்கள் அடுத்த இரண்டாம் சனிக்கிழமை சீக்கிரம் வந்து நாற்காலி போடுங்கள்.